கினபாலுவில் ஏறியது இருக்கட்டும், இறங்கியதைச் சொல்கிறேன்

கினபாலு மலைக்குப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்ன நாள் முதல் எனக்குக் கிடைத்த அறிவுரை அத்தனையும் ஏறுவதைப் பற்றியதுதான். தினமும் படி ஏறு, மூச்சுப் பயிற்சி செய், தடித்த ஜாக்கெட் வாங்கு, உச்சியில் சூரிய உதயத்தைத் தவறவிடாதே. இறங்குவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏறியவர்கள் எல்லோரும் இறங்கித்தானே வந்திருப்பார்கள்? உச்சிப் பலகைக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் கிடைத்தவுடன் மற்றதை எல்லாம் மறந்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. நான் மறக்கவில்லை. மறக்கவிடாமல் என் முழங்கால்களும் வங்கிக் கணக்கும் பார்த்துக்கொண்டன.

நான் கிள்ளானில் இருப்பவள், கணக்குத் துறையில் வேலை, வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கூட வர யாரும் கிடைக்காததால் தனியாகவே கிளம்பினேன். கினபாலு, மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கிறது. தீபகற்பத்திலிருந்து போகும் நம்மவர்கள் உள்நாட்டுப் பயணம்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. சபாவின் தலைநகரான கோத்தா கினபாலுவின் விமான நிலையத்தில் குடிநுழைவுத் துறையினர் மைகாட், அதாவது அடையாள அட்டை, கேட்பார்கள், மலையடிவாரப் பதிவிலும் கேட்பார்கள். மலையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறலாம் என்பது 3,272 மீட்டர் உயரத்தில் பனலாபான் என்ற இடத்தில் உள்ள படுக்கைகளைப் பொறுத்தது. படுக்கை இல்லையென்றால் அனுமதி இல்லை. அதனால் பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதி எல்லாம் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். நான் ஒரு முகவர் மூலம் பதிவு செய்தேன். அனுமதி, படுக்கை, சாப்பாடு, காப்புறுதி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 1,600 வெள்ளி (ரிங்கிட்). விமான டிக்கெட் தனி.

முதல் நஷ்டம் மலையைத் தொடுவதற்கு முன்பே வந்தது. இந்த மலையில் வழிகாட்டி இல்லாமல் யாரும் ஏற முடியாது, அது மலை இருக்கும் கினபாலு பூங்காவின் விதி. ஐந்து பேர்வரை ஒரு வழிகாட்டியைப் பகிர்ந்துகொள்ளலாம். “நீங்கள் ஒற்றை ஆள்தானே, ஒரு குழுவோடு சேர்த்துவிடுகிறோம், வழிகாட்டிக் கட்டணம் பங்காகிவிடும்” என்று முகவர் தொலைபேசியில் சொன்னார். அன்று காலை பூங்கா அலுவலகத்தில் போய் நின்றால் குழுவும் இல்லை, முகவரின் ஆளும் இல்லை. முழுக் கட்டணத்தையும் நானே கட்டினேன், கூடுதலாக 310 வெள்ளி. வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்து யாரிடம் போய்ச் சண்டை போடுவது? தனியாகப் போகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், இந்த ஒரு வரியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: “குழு அமையாவிட்டால் வித்தியாசத்தை யார் தருவது?” வாட்ஸ்அப்பில் ஒரு பதில் இருந்தாலே போதும்.

அந்த முகவர் அனுப்பிய பயண அட்டவணையில் இன்னொரு வரியும் இருந்தது. இரண்டாம் நாள் பகல் 1 மணிக்கு அடிவாரம், 3 மணிக்குக் கோத்தா கினபாலு, மாலை 7.30 மணி விமானம் தாராளமாகப் பிடிக்கலாம். அட்டவணை பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முந்தின இரவு பூங்காத் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே தங்கினேன். இது நல்ல யோசனை, எல்லோருக்கும் சொல்வேன். கடல்மட்டத்தில் இருக்கும் நகரத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி அன்றே 3,200 மீட்டருக்கு மேல் போய்ப் படுப்பதைவிட, சுமார் 1,500 மீட்டரில் ஓர் இரவு தூங்கிவிட்டு ஏறினால் உடம்பு கொஞ்சம் சமாதானமாகும். மறுநாள் காலை பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வேனில் ஏறி, 1,866 மீட்டரில் இருக்கும் திம்போஹோன் வாயிலில் இறங்கினேன். அங்கிருந்து முதல் சில நூறு அடிகள் கீழ்நோக்கிப் போகின்றன. கார்சன் அருவிவரை சரிவு, அதன் பிறகுதான் ஏற்றம். காலையில் அந்தச் சரிவு இதமாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

முதல் நாள் ஆறு கிலோமீட்டர்தான். கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் அந்த ஆறு கிலோமீட்டருக்குள் 1,400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். பாதை முழுக்கப் படிகள், ஒன்று முழங்காலளவு உயரம், அடுத்தது விரலளவு, மரக்கட்டை, கல், வேர் எல்லாம் கலந்து. ஏறக்குறைய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் போண்டோக் எனப்படும் கூரைக் கொட்டகை இருக்கிறது, உட்காரலாம், கழிப்பறை உண்டு. அணில்கள் உங்கள் ரொட்டிக்காகக் காத்திருக்கும், பையைத் திறந்து வைக்காதீர்கள். லாயாங்-லாயாங் என்ற கொட்டகையைத் தாண்டியதும் மண்ணின் நிறமே மாறுகிறது, மரங்கள் குள்ளமாகி முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. வில்லோசா என்ற கொட்டகைக்கு அந்தப் பெயர் வந்தது அந்தப் பகுதியில் வளரும் ஒரு குடுவைச் செடியால். என் வழிகாட்டி ஒன்றைக் காட்டினார். அதன் விளிம்பில் இருக்கும் வரிசைப் பற்களைப் பார்த்தபோது அதற்குள் விழும் பூச்சியின் மேல் இரக்கம் வந்தது. சமையல் எரிவாயு உருளையை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு சுமைகாரப் பெண் என்னைத் தாண்டிப் போனார். காலில் சாதாரண ரப்பர்க் காலணி, நாம் அடிடாஸ் கம்போங் என்று கேலியாகச் சொல்வோமே, அதுதான். என் காலில் இருந்தது 400 வெள்ளிக் காலணி. யார் முன்னால் போனார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு விஷயம். சுமைகாரருக்குக் கிலோ கணக்கில் கட்டணம் உண்டு. பெருமைக்காகப் பையைத் தானே சுமக்காதீர்கள். இறங்கும்போது முதுகில் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் ஒவ்வொரு படியிலும் முழங்காலில்தான் வந்து விழும். ஏறும்போது பை மூச்சை வாங்கும், அவ்வளவுதான்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துபோய்ப் பனலாபான் சேர்ந்தேன். மாலையிலேயே இரவுச் சாப்பாடு போடுகிறார்கள், நள்ளிரவு தாண்டியதும் எழ வேண்டுமே. தண்ணீர் கையை வெட்டுகிற குளிர். தலைவலி மெல்ல ஆரம்பித்தது, கண்ணை மூடினால் நெஞ்சு படபடத்தது, தூக்கம் வரவில்லை. அந்த உயரத்தில் இது பலருக்கும் வருவதுதான். நிறையத் தண்ணீர், கொஞ்சமாவது சாப்பாடு, நிதானமான நடை, இவற்றால் எனக்குச் சமாளிக்க முடிந்தது. ஆனால் வாந்தி நிற்காமல் வந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ மேலே போகக் கூடாது, இறங்க வேண்டும். மாத்திரை வேண்டுமென்றால் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் நீட்டுவதை வாங்கி விழுங்காதீர்கள்.

உச்சியைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அதிகாலை இரண்டரை மணிக்கு நெற்றி விளக்கோடு கிளம்பினோம். மரப்படிகள், பிறகு வெறும் கருங்கல் பாறை, பாறையோடு கட்டிய வெள்ளைக் கயிறு. 3,668 மீட்டரில் சாயாட்-சாயாட் சோதனைச் சாவடி, கழுத்து அட்டையைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். 5 மணிக்குள் அதைத் தாண்டாவிட்டால் திரும்பத்தான் வேண்டும். மழையோ காற்றோ அதிகமாக இருந்தால் அந்த வாயிலைத் திறக்கவே மாட்டார்கள், பணமும் திரும்பாது. அன்று வானம் எனக்கு நல்லது செய்தது. 4,095 மீட்டர் உயரமுள்ள லோஸ் சிகரத்தில் ஒரு சிறிய கல் குவியலின் மேல் வரிசையில் நின்று, படம் எடுத்து, அடுத்தவருக்கு இடம் விட்டேன். விரல்கள் மரத்துவிட்டன. குளிரில் கைப்பேசி அணைந்துபோனது, உள்சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டுமாம். சூரியன் வந்தது. அழகாகத்தான் இருந்தது.

அப்போது காலை ஆறேகால் மணி. என் உண்மையான பயணம் அங்கேதான் தொடங்கியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் முழுவதும் ஏறியது 1,400 மீட்டர். இரண்டாம் நாள் இறங்க வேண்டியது உச்சியிலிருந்து வாயில்வரை 2,229 மீட்டர், 8.7 கிலோமீட்டர், அதுவும் தூங்காத உடம்போடு, ஏற்கெனவே மூன்று மணி நேரம் பாறை ஏறிய பிறகு. எந்த அட்டவணையும் இதை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதில்லை.

கயிற்றுப் பகுதியில் பயந்தேன். இருட்டில் ஏறியபோது விளக்கு விழுந்த வட்டம் மட்டும்தான் தெரிந்தது. வெளிச்சத்தில் பார்த்தால், காலுக்குக் கீழே பாறை சாய்ந்துகொண்டே போய்ச் சட்டென்று முடிகிறது, அதற்கப்பால் மேகம். “பெலான்-பெலான், காக்” என்று வழிகாட்டி சொல்லிக்கொண்டே முன்னால் போனார். மெதுவாக வாருங்கள் அக்கா என்று அந்த நாளில் அவர் எத்தனை முறை சொன்னாரோ. மலையைப் பார்த்தபடி, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, பின்பக்கமாக இறங்கச் சொல்லிக் கொடுத்தார். கையுறை ரப்பர் பிடிப்புள்ளதாக இருக்கட்டும், கம்பளிக் கையுறை ஈரக் கயிற்றில் வழுக்குகிறது.

பனலாபானுக்குத் திரும்பிப் பசியாறிவிட்டு, பத்தரை மணிவாக்கில் அறையைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினோம். உட்கார்ந்து எழுந்ததும் தொடை இரண்டும் வேறு யாருடையவோ போல இருந்தன. முதல் கிலோமீட்டரிலேயே நடுங்க ஆரம்பித்துவிட்டன. இரண்டாவதில் வலது முழங்காலின் வெளிப்பக்கம் கத்தி இறங்குவது போல ஒரு வலி. லாயாங்-லாயாங் வருவதற்குள் நான் நேராக இறங்குவதையே விட்டுவிட்டேன். பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்து, மறு காலைக் கொண்டுவந்து சேர்த்து, ஒவ்வொரு படிக்கும் இரண்டு அசைவு. முந்தின நாள் என்னோடு ஏறிய சீனத் தம்பதியர், ஜொகூரிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள், எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். அன்று ஏறத் தொடங்கியவர்கள் எதிரே புத்துணர்ச்சியோடு வந்து “உச்சி எப்படி இருந்தது?” என்று கேட்டார்கள். அழுகை வந்தது, அழுதும் விட்டேன், மழைக்கோட்டின் தொப்பிக்குள். தனியாகப் போனதன் வலி அதுவரை தெரியவில்லை. பேச்சுக்குக்கூட நம் மொழியில் “இன்னும் கொஞ்சம்தான்” என்று சொல்ல ஓர் ஆள் இல்லை.

இது ஏன் நடந்தது என்பதை ஊருக்கு வந்த பிறகு இயன்முறை மருத்துவர் விளக்கினார். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை பிரேக் போட வேண்டும், அதாவது நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். பழக்கமில்லாத தசையில் இந்த வேலைதான் நார்களைச் சேதப்படுத்துகிறது. தசை கைவிட்டதும் அதிர்ச்சி முழுவதும் மூட்டுக்குப் போகிறது. வேடிக்கை என்னவென்றால், முன்கூட்டியே சில தடவை இறங்கிப் பழகினாலே தசை தன்னைக் கணிசமாகக் காத்துக்கொள்ளுமாம். என் குடியிருப்பு பதினேழு மாடி. எல்லோரும் சொன்னபடி தினமும் படியில் ஏறினேன். “இறங்கும்போது படி வேண்டாம், முட்டி தேய்ந்துவிடும்” என்றும் அதே எல்லோரும் சொன்னார்கள், லிஃப்டில் இறங்கினேன். மூச்சு தயாராக இருந்தது, கால் இல்லை. பத்து மலை முருகன் கோயிலின் 272 படிகளை வைத்துப் பயிற்சி செய்பவர்கள் ஏறிய எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கினபாலுவுக்குப் போகிறீர்கள் என்றால் மெதுவாக, குதிக்காமல், சிறிய பையைச் சுமந்தபடி இறங்கிய எண்ணிக்கையைப் பாருங்கள். ஆறேழு வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை போதும் என்றார் அவர். ஏற்கெனவே முட்டியில் கோளாறு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஊன்றுகோல் ஒன்று போதும் என்று வாங்கியிருந்தேன். இறங்குவதற்கு இரண்டு வேண்டும், ஏறுவதைவிடக் கொஞ்சம் நீளமாக வைத்து, முதலில் கோலைக் கீழ்ப்படியில் ஊன்றிவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். கயிற்றுப் பகுதியில் மட்டும் அவற்றை மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள். கால் நகத்தைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே ஒட்ட வெட்டுங்கள். இறங்கத் தொடங்குமுன் காலணிக் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படியிலும் விரல்கள் முன்னால் போய் இடிக்கும். என் இரண்டு கட்டைவிரல் நகங்களும் கறுத்து, பிறகு விழுந்தன.

வழிகாட்டி என் பையையும் வாங்கிக்கொண்டார். அவர் டூசுன் இனத்தவர், மலையடிவாரக் கிராமத்துக்காரர். என்னைப் பேச்சில் இழுத்துக்கொண்டே வந்தார், வலியை மறக்கடிக்கத்தான் என்று பிறகு புரிந்தது. 2015 ஜூன் 5 நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னார். காலை ஏழு மணிக்குப் பிறகு மலை குலுங்கியபோது மேலே பலர் இருந்தார்கள், பாறைகள் உருண்டதில் 18 பேர் இறந்தார்கள், அவர்களில் சிங்கப்பூரிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகளும் உண்டு, வழிகாட்டிகளும் உண்டு. காயம்பட்டவர்களை முதலில் இறக்கிக் கொண்டுவந்தவர்கள் இந்த வழிகாட்டிகள்தான். முன்னோரின் ஆவிகள் குடியிருக்கும் மலை என்பது அவர்கள் நம்பிக்கை, உச்சியில் கூச்சல் போடுவதை அவர்கள் விரும்புவதில்லை. முடியாவிட்டால் ஆள் வைத்துச் சுமந்து இறக்கலாம், கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் என்றும் சொன்னார். தொகையைக் கேட்டதும் எனக்கு நடக்கத் தெம்பு வந்துவிட்டது. இதைச் சிரிப்புக்காகச் சொல்கிறேன், ஆனால் உண்மையிலேயே நடக்க முடியாதவர்கள் இந்தச் செலவு காப்புறுதியில் சேருமா என்று முன்பே பார்த்துவைக்க வேண்டும். பல பயணக் காப்புறுதிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. அந்த வரி எப்போதும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.

கார்சன் அருவிச் சத்தம் கேட்டபோது மணி ஐந்தாகிவிட்டது. வந்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போதுதான் முந்தின நாள் காலையில் இதமாக இறங்கிய அந்தச் சரிவு ஞாபகம் வந்தது. இப்போது அது ஏற்றம். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் இறக்கிவிட்டு, கடைசியில் மறுபடியும் படி ஏறச் சொல்கிறது இந்த மலை. இந்த இடத்தை வடிவமைத்தவர் யாராக இருந்தாலும் எனக்கு அவர்மேல் கோபம்தான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்து வாயிலுக்கு வந்து சேர்ந்தேன்.

விமானம் 7.30 மணிக்கு. கோத்தா கினபாலு அங்கிருந்து மலைப்பாதையில் இரண்டு மணி நேரம். பகிர்ந்து போகும் வேன் எப்போதோ போய்விட்டது. தனிக் காருக்கு 250 வெள்ளி, இரவு தங்க 140, மறுநாள் கடைசி நேர டிக்கெட் 460. வழிகாட்டிக் கட்டணத்தையும் சேர்த்தால் 1,160 வெள்ளி, திட்டத்தில் இல்லாத செலவு. சம்பளமில்லா விடுப்பு தனி. முகவரை அழைத்தேன், “பெரும்பாலானவர்கள் ஒரு மணிக்கு வந்துவிடுவார்கள்” என்று பதில் வந்தது. நான் பெரும்பாலானவர்களில் சேரவில்லை. நாற்பது வயதுக்கு மேல், முதல் தடவை போகிறவர்கள் பலரும் சேரமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆகவே இறங்கும் நாளன்று விமானம் வைக்காதீர்கள். அன்றிரவு பூங்காவுக்குப் பக்கத்தில் குண்டாசாங்கில் தங்கினால் நகரத்தைவிட மலிவாகவே முடியும், காலையில் போரிங் வெந்நீர் ஊற்றுக்குப் போய்க் காலை ஊறப்போடலாம். தங்கும் விடுதியில் கீழ்த்தள அறை கேளுங்கள். இரண்டாம் மாடி அறை கொடுத்தார்கள், நான் உட்கார்ந்த நிலையில் படி இறங்கினேன். வலி மறுநாள்தான் உச்சம், அதற்கடுத்த நாளும் அப்படியே. வேலைக்குத் திரும்பும் தேதியையும் அதற்கேற்றபடி வையுங்கள். வழிகாட்டிக்குக் கொடுக்க ரொக்கம் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், என் பையைச் சுமந்ததற்கு அவர் ஒரு காசு கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன்.

இப்போது என் தங்கை மகன் நண்பர்களோடு பதிவு செய்திருக்கிறான். இருபத்து நான்கு வயது, கால்பந்து விளையாடுகிறவன், “எனக்கு ஒன்றும் ஆகாது பெரியம்மா” என்கிறான். ஆகாமல் போகட்டும். ஆனாலும் எங்கள் குடியிருப்புக்கு வரும்போதெல்லாம் லிஃப்டில் மேலே வரச் சொல்லிவிட்டுப் படியில் இறங்கிப் போக வைக்கிறேன். அவன் வாங்கியிருப்பது அதே இரவு விமான டிக்கெட். தேதியை மாற்ற 90 வெள்ளி கேட்கிறார்கள் என்று முனகினான். இன்றைக்கே கட்டிவிடு என்று சொல்லியிருக்கிறேன்.